சிந்தாமணி ஊட்டு மஞ்சச் செவுரு

திருச்செங்கோட்டுல இருந்து சங்ககிரி போற ரோட்டுல, ஆம்பளைங்க எல்லாம் போர்க்கெணறு போடற ரிக்கு வண்டில ஏறி வடக்க போயிட்டு பண்டிகைக்கு மட்டும் எறங்கி வர்ற ஒரு காலனி இருக்கு. அந்தக் காலனில ஒரு வருசம் செவுரெல்லாம் பேச்ச முழுங்குச்சு. யாரும் பெருசா ஆச்சரியப்படல. ஆயிரம் அடிக்குக் கீழ பாறைக்குள்ள தண்ணி இருக்குன்னு நம்பி ஓட்ட போடற சனங்க, செவுத்துக்குள்ள பேச்சு இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டாங்களா என்ன? அவங்க கவலையெல்லாம் வேற. யார் வீட்டுச் செவுத்துல எவ்வளவு பேச்சு இருக்கு, அது யாரப் பத்தின பேச்சு?

ஆரம்பிச்சு வெச்சது பட்டன் குழந்தைவேலுதான். பாறையத் தொளைக்கற இரும்புத் தலைக்குப் பிட்டுன்னு பேரு, அதோட மூஞ்சில முத்து முத்தா கார்பைடு பட்டன் பதிச்சிருப்பாங்க. தேஞ்ச பிட்டுல இருந்து அந்தப் பட்டன நோண்டி எடுத்து, சுட்டு, மருந்துல கரைச்சு, வடிகட்டி, மறுபடியும் சுட்டு, கடைசில எலுமிச்சம்பழத் தோலு நெறத்துல ஒரு பொடி எடுப்பாரு அவரு. டங்ஸ்டன் ஆக்சைடு. ஒரு சொம்புப் பொடியத் தூக்கினா தோள்பட்டையே எறங்கும், அத்தனை கனம். அந்த மார்கழில, வழக்கமா வாங்கற கம்பெனிக்காரன் திடீர்னு வேண்டாம்னுட்டான். மூட்டை மூட்டையா ஷெட்டுல கெடந்த பொடியப் பாத்துப் பாத்து மனசு கேக்காம, "பொங்கலுக்கு யாரும் பெயிண்டு வாங்காதீங்க, எம்பொடிய எடுத்துக்கங்க, தகதகன்னு நிக்கும்"னு வாளி வாளியா அள்ளிக் குடுத்தாரு. அவரு மக கௌசிகா, சேலத்துல எம்.எஸ்சி கெமிஸ்ட்ரி படிக்கற புள்ள, "சுண்ணாம்புல கலக்கிராதீங்க, வெளுத்துரும், மைதாப் பசைல கலக்குங்க"ன்னு ஒவ்வொரு வாசலா நின்னு கத்துச்சு. கலக்குனாங்க, அடிச்சாங்க. பொங்கலன்னிக்குக் காலனியே மஞ்சக் குளிச்ச மாதிரி நின்னுச்சு.

காணும் பொங்கல் முடிஞ்சு ரிக்கு வண்டிங்க ஒண்ணொண்ணா வடக்க கெளம்புன பொறகு ஒரு மத்தியானம், நடு வீட்டுல குடியிருந்த சிந்தாமணிக்கு சத்தீஸ்கர்ல இருந்து அவ புருசன் செங்கோட்டுவேலு போன் பண்ணுனான். ரிக்கு லாரி ஓட்டறவன். குரலே சரியில்ல.

"சிந்தா, ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் மூச்சு உட்றாத."

"என்னங் மாமா?"

அவன் சொன்னது இதான்: லாரிய வளைவுல ஒடிச்சப்ப சைக்கிள்ல வந்த ஒரு பெரியவரு மேல ஏத்திட்டான். அந்த எடத்துலயே போயிட்டாரு. போலீசு வர்றதுக்குள்ள ரிக்கு ஏஜெண்டு வந்து, "வேலுவுக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்கு, நீ தனியாளு, நான்தான் ஓட்டுனேன்னு ஒத்துக்க, பத்து நாள்ல ஜாமீன்ல எடுத்தர்றோம்"னு ஹெல்பரு அர்த்தநாரிய ஸ்டேசன்ல உக்கார வெச்சிட்டான். அடுத்து போர் போட வேண்டிய பாயிண்டு ஒடிசாவுல. ரிக்கு கெளம்பிருச்சு. அர்த்தநாரியோட போனு லாரியிலயே கெடந்துச்சு. ஊருக்கு, அர்த்தநாரி சம்பளம் பத்தலன்னு சண்டை போட்டுட்டு வழியில எறங்கி எங்கியோ ஓடிட்டான்னு சொல்லிக்கலாம்னு பேசி வெச்சிருக்காங்க.

அர்த்தநாரியோட ஆத்தா பாவாயி பக்கத்து வீடு. செவுத்துக்குச் செவுரு ஒட்டுன வீடு. சிந்தாமணி வலிப்பு வந்து கெடந்தப்ப தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுன பொம்பளை. சிந்தாமணி போன வெச்சுட்டுத் திரும்பினா, பாவாயி வாசல்ல நிக்குது.

"அம்முணி, வேலு பேசுனானா? எங்க அர்த்து நம்பரு அடிச்சா போகமாட்டீங்குது, ஏதாச்சும் சொன்னானா?"

சிந்தாமணிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. முதுகச் செவுத்துல சாய்ச்சுக்கிட்டு, எச்சிலோட சேத்து அந்தப் பேச்ச முழுங்குனா. முழுங்குனது வயித்துக்குப் போகல. முதுகுத்தண்டு வழியா எறங்கி, செவுத்துக்குள்ள போயி, எங்கியோ ஒரு சின்னக் கதவத் தாப்பா போட்ட மாதிரி டக்குனு உக்காந்துச்சு. "ஒண்ணும் சொல்லலீங் அத்த"ன்னா. பாவாயி போனதும் திரும்பிப் பாத்தா, அவ சாஞ்ச எடத்துல கட்டை வெரலு அகலத்துக்கு நீலம்.

பாவாயி காலைல வந்துச்சு, மத்தியானம் வந்துச்சு, பொழுது சாயறப்ப வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் சிந்தாமணி முழுங்குனா, ஒவ்வொரு தடவையும் டக்குனு தாப்பா, நீலம் தட்டாட்டம் ஆச்சு, தாம்பாளமாட்டம் ஆச்சு, பொறகு செவுரு முழுக்கப் பரவிருச்சு. வெளிய தெரிஞ்சா என்னன்னு கேப்பாங்களே. யோசிச்சுப் பாத்துட்டு ஒரு காரியம் பண்ணுனா. வேப்பங்கொத்த ஒடிச்சு வாசக்கால்ல சொருவிட்டு, "மிதுனா பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கு, யாரும் உள்ள வராதீங்க"ன்னுட்டா. வேப்பிலை தொங்கற வாசப்படிய அந்தக் காலனில எவனும் தாண்ட மாட்டான். உள்ள அவ மக மிதுனா டிவி பாத்துக்கிட்டு முறுக்குக் கடிச்சிட்டிருந்துச்சு. ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொன்னோமேங்கற பயம் வேற சிந்தாமணி தொண்டைல ஏறி எறங்குச்சு. அதுவும் செவுத்துக்குள்ளதான் போச்சு.

அதுக்குள்ள வெளிய மத்த வீடுகள்லயும் நீலம் பூக்க ஆரம்பிச்சிருச்சு. மொதல்ல கடைசி வீட்டு ருக்மணி, மாமியாகிட்ட வாயத் தொறக்க முடியாம முழுங்கி முழுங்கி அடுப்படிய ஆகாசமாக்கி வெச்சிருந்தா. குழாயடில ஒரே பேச்சு.

"ஏன்டி ருக்கு, உன் அடுப்படில வானம் எறங்கிருச்சாமே, மழை பெஞ்சா ஒரு கொடம் எங்களுக்குக் குடு."

"உங்கூட்டுப் படுக்கற ரூமுல கத்திரிக்காக் கலரு வந்திருச்சாம்ல, அதுக்கு என்னக்கா அர்த்தம்?"

கௌசிகாதான் கண்டுபுடிச்சுச் சொல்லுச்சு. தொடப்பக் குச்சிய ஒடிச்சு நூலு கட்டி, ரெண்டு கோபுரத்த அடியோட அடி ஒட்டுன மாதிரி ஒரு கூண்டு, அதே மாதிரி இன்னும் ஏழு கூண்டு செஞ்சு, குழாயடி மேடைல பரப்பி வெச்சுக்கிட்டு மூச்சு விடாம பேசுச்சு: "இத பாருங்க, நடுவுல ஒரு டங்ஸ்டன், மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நாலு தெசைக்கு நாலு, ஆறு ஆக்சிஜன், இதான் ஒரு கூண்டு. ஒரு கூண்டும் இன்னொரு கூண்டும் மூலைல மட்டுந்தான் தொட்டுக்கும், செவுத்தோட செவுரு ஒட்டாது. அதனால எட்டுக் கூண்டு சேர்ற எடத்துல, நடுவுல பாருங்க, ஒரு காலி ரூமு! யாருமே குடியில்ல! பொடி முழுக்க இப்படிக் கோடி கோடியாக் காலி ரூமு, எல்லாம் கொஞ்சம் கோணலா நிக்கும், ஆனா காலி. சின்னதா ஏதாச்சும், ஹைட்ரஜனோ, உப்புல இருக்கற சோடியமோ, உள்ள போயி உக்காந்துச்சுன்னா அது கைல இருக்கற எலக்ட்ரான செவுத்துக்குக் குடுத்துரும், உடனே மஞ்சள் நீலமாயிரும்!"

"சோடியமா? நாங்க செவுத்துல உப்பா தேச்சோம்?"

"இல்லீங்க்கா, இங்க போறது பேச்சு. முழுங்குன பேச்சு. நான் ருக்கு அக்கா வீட்டுல உக்காந்து கணக்கா பாத்துட்டேன், மாமியாருக்குப் பதில் சொல்லாத போதெல்லாம் பரவுது."

"புஸ்தகத்துல போட்டிருக்காங்களா கண்ணு?"

"பேச்சுன்னு எங்கியும் போடல."

"போடலன்னா போடல, நம்மூட்டுல போயிருச்சில்ல"ன்னு கொடத்த இடுப்புல வெச்சுக்கிட்டு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, அதோட அந்த விசயம் முடிஞ்சுது. கௌசிகா மட்டும் விடாம, "இன்னும் இருக்கு கேளுங்க, ரூமு நெறைய நெறைய நீலம் ஊதாவாகும், பொறகு செவப்பாகும், கடைசில எல்லா ரூமும் ரொம்பிருச்சுன்னா தங்கமாட்டம் மின்னும், தொட்டா உலோகமாட்டம் ஜில்லுன்னு இருக்கும்"னு கூவுச்சு. "அந்தளவுக்கு முழுங்க இங்க யாரு இருக்கா, ஆனையா இருக்கு?"ன்னு சிரிச்சுட்டுக் கலைஞ்சாங்க. வேப்பங்கொத்துக்குப் பின்னால, சாத்துன சன்னலுக்கு உள்ள நின்னு கேட்டுட்டிருந்த சிந்தாமணி திரும்பி அவ செவுத்தப் பாத்தா. அது அப்பத்தான் செக்கச் செவேல்னு இருந்துச்சு.

பாப்பாவுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திட்டேன்னு அவ கதவத் தொறந்தன்னிக்குக் காலனியே வந்து எட்டிப் பாத்துச்சு. அத்தன வீடும் நீலமும் ஊதாவுமா நிக்கறப்ப, சிந்தாமணி வீடு மட்டும் மஞ்சளா, பொங்கலுக்கு அடிச்சத விடப் பளபளப்பா நின்னுச்சு.

"மனசுல ஒண்ணுமே இல்லாத பொம்பளை"ன்னு பாவாயி கன்னத்துல போட்டுக்கிச்சு. "ஆத்தா வந்து தங்குன ஊடுல்ல, தொடச்சு வெச்சுட்டுப் போயிருக்கா."

அதுல இருந்து காலனி வேற மாதிரி ஆயிருச்சு. ரிக்குல இருக்கற ஆம்பளைங்க வீடியோ கால்ல வந்ததும் சாப்ட்டியான்னு கேக்கறதில்ல, "செவுத்தக் காட்டு"ன்னாங்க. பொம்பளைங்க முதுகுக்குப் பின்னால தார்ப்பாயக் கட்டிக்கிட்டு போன் பேசுனாங்க. "தார்ப்பாய எடு"ன்னான் ஒருத்தன், அவ எடுக்கல, அந்தச் சண்டை அம்மாவாசை வரைக்கும் போச்சு. நீலத்துக்கு மேல வெள்ளை அடிச்சுப் பாத்தாங்க, மறுநாளே நீலம் எட்டிப் பாத்துச்சு. மாமியாருங்க மருமகளுங்க சாயற எடத்த சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சாங்க. மருமகளுங்க ரோட்டுல நின்னு மட்டும் பேசுனாங்க. பொண்ணு பாக்க வந்தவங்க காபிய அப்படியே வெச்சுட்டு பொண்ணோட ரூமப் பாக்கணும்னாங்க. யார் வீட்டுல யாரு சாஞ்சு உக்காந்தாலும் மத்தவங்க பேச்சு நின்னுரும், கண்ணு செவுத்துக்குப் போயிரும். வாய் வரைக்கும் வந்தத அப்படியே முழுங்கறவங்க முழுங்கிட்டேதான் இருந்தாங்க. என்ன, முழுங்கறதுக்கு முன்னாடி சித்த நவுந்து உக்காந்துக்கிட்டாங்க.

நம்பறதுக்குன்னு ஒரு எடம் வேணுமில்ல, அதனால எல்லாரும் சிந்தாமணி வீட்டுக்கு வந்தாங்க. பால்காரன் தண்ணி கலக்கலன்னு அந்தச் செவுத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணுனான். சீட்டுப் புடிக்கறவ சத்தியம் பண்ணுனா. அடிக்கறப்பத்தான் சிந்தாமணிக்கு உயிரே போகும். ஏன்னா அந்தச் செவுரத் தட்டினா காரைச் செவுரு மாதிரி தொப்புன்னு கேக்காது, பித்தளைக் குண்டாவத் தட்டின மாதிரி ணங்குனு கேக்கும், கை வெச்சா உச்சி வெய்யில்லயும் ஜில்லுன்னு இருக்கும். அதனால ஒரு கோரைப்பாய மாட்டி விட்டு, "பாய் மேல அடிங்க, செவுரு அழுக்காவுது"ன்னுட்டா. வேலு போன்ல வந்தா அவனும் அதத்தான் கேப்பான். செவுத்தக் காட்டுவா. "நல்ல மஞ்சளா இருக்கு, நீ தாங்கிட்ட சிந்தா"ன்னு நிம்மதியா வெச்சிருவான். ஜாமீன் என்னாச்சுன்னு கேட்டா, "ஏஜெண்டு பாத்துக்கறேன்னிருக்கான்"னுவான். ஒவ்வொரு தடவையும் அதே பதிலு, ஒவ்வொரு தடவையும் குரலு முன்ன விடச் சாதாரணமா இருந்துச்சு. அதுதான் அவளுக்கு ரொம்ப பயமா இருந்துச்சு.

கௌசிகா அடிக்கடி வந்து எட்ட நின்னு பாக்கும். ஒரு நாள் மிதுனா கன்னத்தப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அம்மை போட்ட புள்ளைக்கு ஒரு தழும்பு கூட இல்லியேக்கா"ன்னுச்சு.

"ஆத்தா புண்ணியம்."

"பொங்கலுக்கு அடிச்சது எலுமிச்சை மஞ்சளுக்கா. இது..."

"வெய்யிலுக்கு ஏறியிருக்கும். நேரமாச்சு, காலேஜுக்குப் பஸ்ஸ உட்றப்போற, போ."

அது போறப்ப பாயோட ஓரத்த வெரலால லேசாச் சுண்டிட்டுப் போச்சு. சத்தம் வரல. ஆனா அன்னிக்குப் பூரா சிந்தாமணிக்குக் காதுல ணங்குன்னு கேட்டுட்டே இருந்துச்சு.

பாவாயிதான் பாவம், எளைச்சு எலும்பும் தோலுமா ஆயிருச்சு. மகன் ஓடிட்டான்ங்கறத அது ஒரு நாளும் நம்பல. "எங்க அர்த்து மொளகாப் பொடி தீந்துருச்சுன்னாக் கூட போன் பண்றவன், சொல்லாமயா ஓடுவான்?" ஊருல வேற மாதிரி பேசுனாங்க: வடக்கத்திப் பொண்ணு எவளையோ கூட்டிட்டுப் போயிட்டான், ஆத்தாக்காரி வீடு ஏன் அத்தன ஊதாவா இருக்கு, அவளுக்கு எல்லாம் தெரியும், மறைக்கறா. பாவாயி வீட்டுச் செவுரு நெசமாலுமே ஊதாதான். அது ராவெல்லாம் முழுங்குனது சந்தேகத்த. வேலு மேல இருந்த சந்தேகத்த, சிந்தாமணி மொகத்துக்கு நேரா கேக்கக் கூடாதுன்னு முழுங்கி முழுங்கி, ஒட்டுச் செவுருல அந்தப் பக்கம் அது ஊதாவாக்குச்சு, இந்தப் பக்கம் இவ தங்கமாக்குனா.

பங்குனி மத்தியானம் ஒண்ணுல பாவாயி வந்து நடு வீட்டுல நின்னுச்சு. உக்காரல. தண்ணி குடுத்தா வாங்கல.

"அம்முணி, கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். கேட்டர்றேன். எம்பையன் ஓடிட்டான்னு வேலு சொல்றது நெசந்தான்னு நீ செவுத்துல அடிச்சுச் சொல்லு. வேற யாரு சொன்னாலும் நான் நம்பல. இந்த ஊட்டுச் செவுரு சொன்னா நம்பிக்கறேன். அழுதுட்டு ஊட்டுல கெடக்கறேன்."

சிந்தாமணி பாய் பக்கம் கையத் தூக்குனா. "பாய் மேல வேண்டாம்"னு பாவாயி பாயச் சுருட்டிக் கீழ போட்டுச்சு. "செவுத்துல அடி."

அந்த நேரத்துக்குப் போன் அடிச்சுது. சோத்து நேரம், வேலுவோட நேரம். மிதுனா எடுத்து ஆத்தா மொகத்துக்கு நேரா நீட்டிருச்சு. "சிந்தா, செவுத்தக் காட்டு"ன்னான் வேலு, போனுக்குப் பின்னால பாவாயி நிக்கறது தெரியாம. வேலுவே செவுத்தப் பாத்துட்டு, "நல்லாருக்கு, நல்ல மஞ்சளு"ன்னு சிரிச்சான்.

சிந்தாமணி செவுத்துல அடிச்சா. ணங்ங்குன்னு கோயில் மணியாட்டம் கேட்டுச்சு, தெருவுல போனவங்க நின்னாங்க. ஆமாங் அத்த நெசந்தான்னு சொல்லணும். அதுக்கு மொதல்ல, தொண்டைல நிக்கற மத்த பேச்ச முழுங்கணும், அவ வழக்கமாப் பண்றதுதான், முதுகச் சாய்ச்சா, எச்சில் கூட்டுனா, முழுங்குனா. பேச்சு முதுகுத்தண்டு வழியா எறங்குச்சு, செவுத்துக்குள்ள போச்சு, ஒரு ரூமத் தட்டுச்சு, ஆளிருந்துச்சு, அடுத்த ரூமத் தட்டுச்சு, அங்கயும் ஆளிருந்துச்சு, மேலயும் கீழயும் நாலு தெசையிலயும் கோணலா நிக்கற கோடி கோடி ரூமுலயும் அவளே முழுங்குன பேச்சு முட்டிய மடக்கி உக்காந்திருந்துச்சு, ஒருத்தரும் நவுந்து எடம் குடுக்கல. தாப்பா விழற டக்கு கேக்கவே இல்ல. போன பேச்சு போன வழியே திரும்பி ஏறி, தொண்டையத் தள்ளிக்கிட்டு வெளிய வந்துருச்சு.

"அர்த்தநாரி ஓடலீங் அத்த. ஜெயில்ல இருக்கறான். லாரிய ஓட்டுனது எங்கூட்டுக்காரரு. ஒரு பெரியவரு செத்துட்டாரு. இவன ஒத்துக்கச் சொல்லி உட்டுட்டு வந்துட்டாங்க."

"ஏ... ஏ சிந்தா! என்ன பேசற! யாரு அங்க நிக்கறது?" போனுக்குள்ள வேலு எந்திரிச்சுட்டான். "மிதுனாவ நெனச்சுப் பாத்தியா? நான் உள்ள போயிருவேன் சிந்தா! ஏய்... செவுரு ஏன் செவக்குது?"

பாவாயி அழுகல, கத்தல, சிந்தாமணி மேல கையும் வெக்கல. மிதுனா கைல இருந்து போன வாங்கி, மொகத்துக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, "ஊரு பேரச் சொல்லு"ன்னுச்சு.

"அத்த... நான் வேணும்னு..."

"ஊரு பேரச் சொல்லு வேலு."

வேலு சொன்னான். பாவாயி அத ரெண்டு தடவை வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டுப் போனத் திருப்பிக் குடுத்துச்சு. வாசல்ல செருப்பத் தேடுச்சு. சிந்தாமணி கொடில கெடந்த சீலைய ஒரு பையில திணிச்சா.

"நீ எங்க வர்ற?"

"என்னத் தவுர யாரு சொன்னாலும் போலீசு நம்ப மாட்டானுங் அத்த."

பாவாயி ஒரு பார்வை பாத்துச்சு. முன்னால நடந்துச்சு.

அதுக்குள்ள மணிச் சத்தம் கேட்டு வாசல்ல கூட்டம். சிந்தாமணி பேச ஆரம்பிச்சதும் நிக்கவே இல்ல. செருப்பு மாட்டறப்ப பேசுனா, மிதுனாவ கௌசிகா கைல குடுக்கறப்ப பேசுனா, அம்மை போடல, வேப்பங்கொத்து பொய்யி, ஏஜெண்டு சொன்னது, இவரு சொன்னது, எல்லாம் சொல்லிக்கிட்டே ரோட்டுக்கு நடந்தா. ஒவ்வொரு பேச்சா வெளிய வர வர செவுத்துல ஒவ்வொரு ரூமா காலியாச்சு, தங்கம் செவப்பாச்சு, செவப்பு ஊதாவாச்சு. ஆனா கூட்டம் அவ பேச்சக் கேக்கல, செவுத்தப் பாத்துச்சு.

"அடிப்பாவி, பாத்தியா, செவக்குது!"

"இத்தன நாளு எங்கள சத்தியம் பண்ண வெச்சாளே, அவ வண்டவாளத்தப் பாரு, ஊதா!"

"காலியாவுதுக்கா! ரொம்பல, காலியாவுது!"ன்னு கௌசிகா தொண்டை கிழியக் கத்துச்சு. யாரும் திரும்பல. எல்லாரும் போன எடுத்துட்டாங்க. படம் புடிச்சு ஒடிசாவுக்கும் ராஜஸ்தானுக்கும் அனுப்பிட்டிருந்தாங்க. ஈரோடு போற பஸ்ஸு வந்து நின்னு, முன் படில பாவாயியும் பின் படில இன்னும் பேசிக்கிட்டே சிந்தாமணியும் ஏறி, வண்டி வளைவு திரும்பறப்ப, வீடு முழுக்க நீலமா, அந்தக் காலனில எவ வீடும் அது வரைக்கும் ஆகாத அளவுக்கு நீலமா நின்னுச்சு. கடைசியா எடுத்த படம் அதான். எல்லா ரிக்குலயும் அந்தப் படந்தான் சுத்துச்சு.

பொறகு அவங்கவங்க செவுத்த அவங்கவங்க ஒரு தடவை பாத்துக்கலாம்னு ஒவ்வொருத்தரா வீட்டுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாங்க. மிதுனாவுக்குப் பசிக்குதுன்னு கௌசிகாவும் கூட்டிட்டுப் போயிருச்சு. அதுக்கப்பறம் கொஞ்ச நேரத்துல அந்த நீலம் ஓரத்துல இருந்து கரைஞ்சு, பொங்கலுக்கு அடிச்ச அதே எலுமிச்சை மஞ்சளுக்குத் திரும்புச்சு. அப்ப அதப் பாக்க தெருவுல ஒருத்தருமே இல்ல.